உகாதி மலரில் என் நன்றி

ஜனவரி 6, செவ்வாய்

காரில் ஏறியதும் தூங்கிவிட்டேன். சித்தூர் வீட்டிலிருந்து திருப்பதி ஆபீஸுக்குப் போகும் நேரம் ஒன்றுதான் முழுக்க எனக்குச் சொந்தம். அதையும் தூங்கியே கரைக்கிறேன். சந்திரகிரி தாண்டும்போது கண் திறந்தால் மலைமேல் பனி இறங்கிக் கிடந்தது. எது மலை, எது மேகம் என்று பிரிக்க முடியவில்லை. அந்த அரைத் தூக்கத்தில், இன்று நான் போவது பத்திரிகை ஆபீஸுக்கா, மேலவைக் கூட்டத்துக்கா என்பதும் தெரியவில்லை. டிரைவரிடம் கேட்க வாய் வரைக்கும் வந்தது. வெட்கப்பட்டுச் சும்மா இருந்தேன்.

இரண்டு நாற்காலிக்காரிக்கு இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். ‘கொண்டகாலி’ தெலுங்குத் தினசரியில் டைரக்டர் என்பது ஒன்று. மலைக்காற்று என்று அர்த்தம். பேர்தான் அப்படி, பத்திரிகை மெதுவாகத்தான் வீசும். எம்.எல்.சி., மேலவை உறுப்பினர் என்பது இன்னொன்று. முதல் நாற்காலிக்கு வந்து சேர எனக்குப் பாதி ஆயுள் போயிற்று. சித்தூர் கிளையில் சாவு விளம்பரம் வாங்கிப் போடும் பெண்ணாகச் சேர்ந்து, விளம்பர மேனேஜராகி, ஜெனரல் மேனேஜராகி, அப்புறம்தான் இது. இரண்டாவது ஒரே ஒரு போனில் வந்தது. எல்லையோரத் தமிழ்ச் சனத்திலிருந்து ஒரு பெண் வேண்டும் என்று கட்சித் தலைவர் சொன்னாராம். நான் அகப்பட்டேன்.

மார்ச் கடைசியில் ஆறு வருஷம் முடிகிறது. மறுபடியும் கொடுப்பார்களா?

யார் கேட்டாலும் “கட்சி என்ன சொன்னாலும் சரி” என்கிறேன். பொய். எனக்கு அது வேண்டும். இங்கே எழுதுகிறேன்: வேண்டும். ஆபீஸில் ஒருத்தருக்கும் தமிழ் படிக்க வராது, அதுவும் ஒரு சௌகரியம்.

ஜனவரி 9, வெள்ளி

எம்.எல்.சி. என்றால் இந்தப் பக்கத்தில் என்ன அர்த்தம்? திருமலையில் சாமியைச் சீக்கிரம் பார்க்கச் சிபாரிசுக் கடிதம் கொடுக்கிற ஆள் என்று அர்த்தம். இன்று காலையிலிருந்து அதேதான். வேலூரிலிருந்து ஒருவர், ஸ்ரீ சிட்டி கம்பெனியிலிருந்து ஒருவர், சென்னையிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர். அவர் “அக்கா, சாப்ட்டீங்களா” என்று ஆரம்பித்தார். சாப்பிட்டேன், எத்தனை பேர் வருகிறீர்கள் என்று நானே கேட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் கோகுலகிருஷ்ணன் ரிடையரான ஹெட்மாஸ்டர். எதையாவது திருத்தாமல் அவருக்குப் பொழுது போகாது. நீ சாமிக்கு பி.ஏ.வா, சனத்துக்குப் பிரதிநிதியா என்று கேட்டார். நான் அடுத்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

கோபம் வந்தது. அவர் மேல் இல்லை.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

தம்பி சின்னப்பன் ஊரிலிருந்து வந்தான். தக்காளி, அவரைக்காய், ஒரு கட்டுக் கரும்பு. குடுபல்லி பக்கம் எங்கள் ஊரில் நைனா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். இன்று அதே ஊரில் சின்னப்பனுக்குச் சொந்தத் தோட்டம். போர் போட்டுத் தண்ணீர் பீறிட்ட கதையை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வான்.

“உனுக்குத்தான்கா குடுப்பாங்க. நீ இன்னாத்துக்கு யோசன பண்ணிக்கினு கீற?” என்றான். அவன் சொன்னால் எல்லாம் நடந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

ஊருக்கு எப்போது வருவாய் என்று கேட்டான். கட்சி லிஸ்ட் வரட்டும் என்றேன். போன பொங்கலிலும் ஏதோ ஒன்று வரட்டும் என்றுதான் சொன்னாய் என்று ஹெட்மாஸ்டர் நடுவில் புகுந்தார். இந்த மனுஷனுக்கு ஞாபகசக்தி அதிகம். எனக்கு அதுதான் தொல்லை.

சாப்பிட்டுப் படுத்ததும் ஒரு கனவு. மேலவையில் முழங்கால் வரை தண்ணீர். எங்கள் ஊர் ஏரித் தண்ணீர்தான், அந்த மண் வாசனை வந்தது. உறுப்பினர்கள் எல்லாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பைல்கள் மிதந்து போகின்றன. நான் தமிழில் பேசிக்கொண்டிருக்கிறேன், யாரும் குறுக்கே பேசவில்லை. என்ன பேசினேன்? விழித்ததும் ஒரு வார்த்தையும் ஞாபகமில்லை. ஆனால் நெடுநேரம் மனசு குளிர்ச்சியாக இருந்தது.

ஜனவரி 28, புதன்

பத்திரிகை முதலாளி வீராசாமி கூப்பிட்டனுப்பினார். ஆபீஸில் எல்லாரும் அவரைப் பெத்தாயன என்பார்கள், பெரியவர் என்று. முழங்கால் வலியால் இப்போது மாடி ஏறுவதில்லை; மெஷின் ஓடும் சத்தம் கேட்கும் கீழ் அறையில் உட்கார்ந்துகொள்கிறார். மகன் அமெரிக்காவில். அவனுக்கு இந்தப் பத்திரிகை ஒரு பழைய சாமான்.

“லட்சுமி, நீ முழுசா வந்துடு. எனக்கப்புறம் இந்த நாற்காலியில நீ உக்காரு,” என்று தெலுங்கில் சொன்னார்.

ஆனால் ஒரு நிபந்தனை. அரை மனசோடு கூடாதாம். அரசியலை விட்டுவிட்டு வர வேண்டும். இந்த ஆறு வருஷத்தில் பேப்பர் உனக்குப் பயந்துபோய்க் கிடக்கிறது என்றார். எனக்குப் புரியவில்லை. நான் யாரை மிரட்டினேன்? உகாதி கழிந்து சொல்கிறேன் என்றேன். கட்சி லிஸ்ட்டை எப்போதும் உகாதியை ஒட்டித்தான் தலைவர் வெளியிடுவார். தெலுங்கு வருஷப் பிறப்பு, நல்ல நாள் என்பது அவர் நம்பிக்கை. பெத்தாயனவுக்கும் அது தெரியும். சிரித்துக்கொண்டார்.

பிப்ரவரி 3, செவ்வாய்

விஜயவாடா கட்சி ஆபீஸிலிருந்து போன் இல்லை.

பிப்ரவரி 11, புதன்

அலிபிரி வழியாகப் போனேன். மலையேறும் சனம் படிக்கட்டில் ஊர்ந்துகொண்டிருந்தது. கைப்பிள்ளையோடு ஒரு பெண், மேலே பார்க்காமல் அடுத்த படியை மட்டும் பார்த்து ஏறினாள். காரை நிறுத்தச் சொல்லிச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கடிதம் வேண்டியதில்லை.

ஆறு வருஷத்தில் நான் என்ன செய்தேன்? நேர்மையாக எழுதுகிறேன். எல்லைக் கிராமங்களுக்கு பஸ் வேண்டும் என்று ஒரு முறை பேசினேன். மந்திரி குறித்துக்கொண்டார். குறித்துக்கொண்டது வரைக்கும் நடந்தது. மற்றபடி கையெழுத்து, மாலை, மேடையில் இரண்டாம் வரிசை. இன்னொரு ஆறு வருஷம் கிடைத்தால் செய்வேன் என்று சொல்லிக்கொள்கிறேன். எல்லாரும் இப்படித்தான் சொல்லிக்கொள்வார்களோ?

மார்ச் 5, வியாழன்

விளம்பர மேனேஜர் சம்பத் உகாதி மலரின் பக்கங்களைக் கொண்டுவந்தான். நான் வேலை கற்றுக்கொடுத்தவன். எனக்குப் பின்னால் அந்த நாற்காலிக்கு வந்தவன்.

லிஸ்ட் வரும் சமயத்தில் எல்லாப் பத்திரிகையிலும் ஒரு வேலை நடக்கும். சீட் எதிர்பார்க்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கம் தயாராக இருக்கும். ஒன்றில் வெறும் பண்டிகை வாழ்த்து. இன்னொன்றில் “எனக்கு வாய்ப்பளித்த தலைவருக்கு நன்றி.” போட்டோ அதேதான். லிஸ்ட்டைப் பார்த்த பிறகு எது போக வேண்டுமோ அது போகும். காத்திருக்கும் பக்கத்துக்கு ஹோல்டு என்று பேர். என் கையெழுத்து விழாமல் ஹோல்டு பக்கம் மெஷினுக்குப் போகக் கூடாது என்று சட்டம் போட்டதே நான்தான்.

எனக்கும் இரண்டு பக்கம் செய்திருந்தான், நான் கேட்காமலே. நன்றிப் பக்கத்தில் என் பழைய போட்டோ, பச்சைப் பட்டுப் புடவை. கீழே, குடுபல்லி மக்கள் சார்பில். நல்லாயிருக்கா மேடம் என்று கேட்டான். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்ப்பது போல ரொம்ப நேரம் அதையே பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை.

மார்ச் 17, செவ்வாய். விஜயவாடா

லாட்ஜ் ஜன்னலிலிருந்து கிருஷ்ணா நதி தெரிகிறது. தண்ணீர் நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியாத வெயில். கட்சி ஆபீஸ் வராந்தாவில் எங்களைப் போல ஒரு கூட்டம். எல்லாரும் எல்லாரையும் நலம் விசாரிக்கிறோம். எல்லாரும் போனையே பார்க்கிறோம். சித்தூர் டாக்டர் ரூபாவும் வந்திருக்கிறாள். சின்னப் பெண். என் காலைத் தொட்டாள். எனக்குப் பாவமாக இருந்தது, இந்தத் தடவை இவளுக்கு எங்கே கிடைக்கப் போகிறது என்று.

மார்ச் 18, புதன். திரும்பும் காரில்

எழுத்து கோணலாகப் போகிறது. கார் ஆடுவதால் என்று வைத்துக்கொள்வோம்.

மத்தியானம் கட்சியின் பொதுச் செயலாளர் தலைவர் அறையிலிருந்து வெளியே வந்தார். நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்து, “மேடம், முதல் பேரே உங்களுதுதான்,” என்றார். சுற்றி இருந்தவர்கள் கை குலுக்கினார்கள். யாரோ லட்டு ஊட்டினார்கள். காது அடைத்துக்கொண்டது. தரை கொஞ்சம் கீழே போய்விட்ட மாதிரி, நான் மட்டும் மேலே நிற்கிற மாதிரி.

அந்த நேரத்தில் சம்பத் போன் செய்தான். கிசுகிசு அவனுக்கும் போயிருக்கிறது. எங்கள் ஊர் இருக்கும் குப்பம் பக்கத்துக்கு வண்டி தூரம் போக வேண்டும், அந்தப் பக்கத்து மலர் பண்டில் முதலில் அடித்தாக வேண்டும், மேடம், நன்றிப் பக்கத்தையே போட்டுவிடட்டுமா என்று கேட்டான். கையெழுத்து வேண்டும் என்று நான் சொல்லவில்லை. லிஸ்ட் வரட்டும் என்று சொல்லவில்லை. சரி என்றேன். அந்த ஒரு வார்த்தை!

சாயங்காலம் லிஸ்ட்டை டீவியில் படித்தார்கள். டாக்டர் ரூபா.

முதல் பேர் என்னுடையதுதானாம். உள்ளே போன லிஸ்ட்டில். வெளியே வந்த லிஸ்ட்டில் இல்லை. பொதுச் செயலாளர் பொய் சொல்லவில்லை. நான்தான் பாதியைக் கேட்டுக்கொண்டு மீதியை நானே எழுதிவிட்டேன். இத்தனை வருஷம் பேப்பரில் இருந்துவிட்டு.

மெஷினை நிறுத்தச் சொன்னேன். மற்ற ஊர் பண்டில்கள் நின்றன. குப்பம் ஏஜெண்டிடம் சொல்லி அங்கே போனதையும் பிரிக்காமல் வைத்தார்கள். எங்கள் ஊர் பண்டில் மட்டும் அகப்படவில்லை. வண்டி போய் நின்றதும் சின்னப்பன் மோட்டார் பைக்கில் வந்து மொத்தமாக வாங்கிக்கொண்டு போய்விட்டானாம்.

போன் எடுக்க மாட்டேன் என்கிறான்.

மார்ச் 19, வியாழன். உகாதி. சித்தூர்

சம்பத் போனில் அழுதான். ராஜினாமா கொடுக்கிறேன் என்றான். சரி என்றது நான், நீ எதற்குக் கொடுக்கிறாய் என்று அதட்டினேன். பிறகு நானும் அழுதேன், பாத்ரூம் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு. ஐம்பத்தேழு வயசில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிற பிழைப்பு.

யாரோ அந்த நன்றிப் பக்கத்தைப் படம் பிடித்து விஜயவாடாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பொதுச் செயலாளரே கூப்பிட்டார். தலைவர் கோபித்துக்கொண்டாரா என்று கேட்டேன். இல்லையாம், பார்த்துவிட்டுச் சிரித்தாராம். திட்டியிருக்கலாம்.

பத்து மணிக்குச் சின்னப்பன் போன் செய்தான். பின்னால் பட்டாசுச் சத்தம்.

“அக்கா, ஊரே காத்துக்கினு கீது. நாளைக்கு வந்துடு. பந்தல் போட்டாச்சு.”

டீவி பார்க்கவில்லையா என்று கேட்டேன். நேற்று சாயங்காலத்திலிருந்து காற்று மழை, கரண்ட் போய்விட்டது, கேபிளும் இல்லை என்றான். வீடு வீடாகப் பேப்பர் கொடுத்தாச்சாம். எங்க பார்த்தாலும் உன் பச்சைப் புடவைதான் என்றான். வருகிறேன் என்று வைத்துவிட்டேன்.

இந்த உலகத்தில் ஒரு ஊரில் மட்டும் எனக்குச் சீட் கிடைத்திருக்கிறது. மத்தியானம் படுத்துக்கொண்டு இதையே நினைத்தேன். அங்கே நான் ஜெயித்தவள். அங்கே வாசலில் கோலம், தெருவில் பட்டாசுக் காகிதம், யாரோ என் பேரைச் சொல்லிப் பாயசம் குடிக்கிறார்கள். அந்த ஊரை அப்படியே விட்டுவிட முடிந்தால்? யாரும் போய்ச் சொல்லாமல் விட்டால் அது எவ்வளவு நாள் அப்படியே இருக்கும்?

நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார் ஹெட்மாஸ்டர். அந்தக் குரலில் கிண்டல் இல்லை. வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 20, வெள்ளி. ஊர்

முழுக்க எழுத வேண்டும். ஒன்றும் விடக் கூடாது.

பலமநேர் தாண்டியதும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். அச்சுத் தவறு என்று சொல்லலாம். கட்சியின் முடிவு என்று சொல்லலாம். அடுத்த முறை என்று சொல்லலாம். எல்லாம் தெலுங்கில்தான் வந்தது. தமிழில் சொல்லிப் பார்த்தால் ஒவ்வொன்றும் பொய் மாதிரியே கேட்டது.

ஊருக்குள் நுழையும்போது புழுதி பறந்தது. மழை பெய்த தடயமே இல்லை. அதைக் கவனித்தேன், கவனித்துவிட்டு விட்டுவிட்டேன். மனசு வேறெங்கோ மிதந்துகொண்டிருந்தது.

பால் டிப்போ எதிரில் பந்தல். வாழை மரம். மாலை போட்டார்கள். பக்கத்துப் பெஞ்சில் உகாதி மலர் அடுக்கி வைத்திருந்தது, எல்லாவற்றிலும் நான். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எழுந்து சொல்லிவிட வேண்டும் என்று மாலையைக் கழற்றினேன். அதற்குள் ஒவ்வொருவராகக் குறை சொல்ல வந்துவிட்டார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லாமல் இரண்டு வருஷம். புத்தகம் வருகிறதாம், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை; பிள்ளைகள் படம் பார்த்துவிட்டு மூடி வைக்கிறார்கள். ஏரி மதகு உடைந்து கிடக்கிறது. ஆஸ்பத்திரி ஆட்டோ எங்கள் தெருவுக்குள் வராது. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். பதவி உள்ளவளிடம் சொல்வதாக நினைத்துச் சொல்கிறார்கள், நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இது திருட்டு.

எழுந்துவிட்டேன். மைக் வேண்டாம் என்றேன். “எனக்குச் சீட்டு வரல. டாக்டரம்மாவுக்குக் குடுத்துட்டாங்க. பேப்பர்ல வந்தது தப்பு. நான் அவசரப்பட்டுச் சரின்னு சொன்னதால வந்த தப்பு. மன்னிச்சிக்குங்க,” என்று தமிழில் சொன்னேன். ஒத்திகையில் இல்லாத வார்த்தைகள்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. நான் சின்னப்பனைப் பார்த்தேன். அவன் குனிந்து வாழை இலையைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

முன் வரிசையிலிருந்து கலைவாணி எழுந்தாள். ஐந்தாவது வரை என்னோடு படித்தவள். இப்போது நூறு நாள் வேலைக்கு ஆள் கூட்டிப் போகிறவள். வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாக வந்தாள்.

“தெரியும்டி. லிஸ்ட்டு படிக்கிற அப்பவே எங்க போன்ல பாத்துட்டோம்.”

கரண்ட் இல்லை என்றானே என்றேன்.

“அதுவா, நாங்கதான் அப்டி சொல்லச் சொன்னோம். தெரியும்னு சொல்லிக்கினு இருந்தா நீ வந்திருப்பியா?”

வந்திருக்க மாட்டேன். அது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். ஆறு வருஷத்தில் நான் இந்த ஊருக்கு வந்தது இரண்டு சாவுக்கு மட்டும். பட்டாசு, மாலை, பந்தல் எல்லாம் தோற்றவளை ஊருக்குள் வரவழைக்க. அவமானத்தில் வருவேனா மாட்டேனா என்று யோசித்து, ஜெயித்ததாக வைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். இதற்கு நான் என்ன செய்துவிட்டேன்? ஒன்றும் செய்யவில்லையே. செய்யாதவளுக்கு எதற்கு மாலை?

அழுதேன். அங்கே குழாய் எதுவும் இல்லை.

சாப்பாட்டுக்கு உட்காரும்போது கலைவாணி இன்னொன்றும் சொன்னாள். அதைச் சொல்லத்தான் வரவழைத்தார்களோ என்னவோ. “ஆறு வருசமா உன் பேப்பர்ல எங்க ஊர்ல ஒரு குறையும் இல்ல. சுத்தி இருக்கிற ஊர் எல்லாம் அழுவுது, நாங்க மட்டும் சிரிச்சிக்கினு கீறோம். எப்டிடி?”

களி உருண்டை கையிலேயே நின்றது.

மார்ச் 21, சனி

குப்பம் நிருபர் இஸ்மாயிலைக் கூப்பிட்டேன். பன்னிரண்டு வருஷமாக எங்களுக்குச் செய்தி அனுப்புகிறவர், நல்ல மனுஷர். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடச் செய்தி தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். மதகு? தெரியும். ஏன் அனுப்பவில்லை?

சுற்றி வளைக்காமல் சொன்னார். “அது உங்க ஊரு மேடம். டைரக்டர் ஊர்ல, எம்.எல்.சி. ஊர்ல குறைன்னு எப்படி எழுதறது? ஆபீஸ்ல யாரும் வேணாம்னு சொல்லல. நானாத்தான் விட்டுட்டேன். கோயில் திருவிழா மட்டும் அனுப்புவேன்.”

யாரும் யாரையும் மிரட்டவில்லை. நான் ஒரு தடவைகூட எழுதாதே என்று சொன்னதில்லை. என் பேரே போதுமாக இருந்திருக்கிறது. இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தேனே, இரண்டுக்கும் நடுவில் இருந்த இடத்தில்தான் என் ஊர் விழுந்துவிட்டது. பெத்தாயன சொன்ன பயம் இதுதான்.

மார்ச் 24, செவ்வாய்

திருத்தம் போட்டோம். நானே எழுதினேன்: உகாதி மலரின் சில பிரதிகளில் வெளியான நன்றி விளம்பரம் தவறு, அதற்கு டைரக்டர் வெங்கடலட்சுமியே பொறுப்பு. பேர் வேண்டாம் மேடம், நிர்வாகம் என்று போடலாம் என்றான் சம்பத். பேர் போடு என்றேன்.

ரூபா போன் செய்தாள். வாழ்த்துச் சொன்னேன். முழு மனசோடு சொன்னேன் என்று எழுத முடியாது. கடிதங்களுக்கு ஒரு ஆளை வைத்துக்கொள், இல்லாவிட்டால் வேறெதுவும் செய்ய முடியாது என்றும் சொன்னேன்.

மார்ச் 29, ஞாயிறு

இன்றோடு எம்.எல்.சி. பதவி முடிந்தது. நாள் முழுக்க ஒருவரும் சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை. ஹெட்மாஸ்டர் மட்டும் கேட்டார்.

சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். மாங்காய் வாசனையோடு காற்று. அவர் எதையும் திருத்தவில்லை. தூரத்தில் மலை நீலமாகி, சாம்பலாகி, இல்லாமல் போயிற்று. வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 6, திங்கள்

கட்சிக்கு ராஜினாமா அனுப்பிவிட்டுப் பெத்தாயன அறைக்குப் போனேன். அவர் எழுந்தார். தன் நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். இப்போது அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மெஷின் ஓடினால் நாற்காலி மெல்ல அதிர்கிறது. தூக்கம் வருகிறது.

ஏப்ரல் 9, வியாழன்

இஸ்மாயிலின் முதல் செய்தி: வாத்தியார் இல்லாத தமிழ்ப் பள்ளிக்கூடம். மாவட்டப் பக்கத்தில் மேலேயே போட்டோம். ‘முன்னாள் எம்.எல்.சி.யின் சொந்த ஊரில்’ என்று தலைப்பிலேயே எழுதியிருந்தார். எழுதிவிட்டு எனக்குப் போன் செய்து, எடுத்துவிடட்டுமா மேடம் என்றார். ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். இருக்கட்டும் என்றேன்.

மே 2, சனி

மதகுச் செய்தி மூன்றாவது முறையாக. பழைய கட்சிக்காரர் ஒருவர், தோற்ற கோபத்தில் எழுதுகிறாள் என்று மேடையில் பேசினாராம். பேசட்டும். கொஞ்சம் கோபமும் இருக்கத்தான் இருக்கிறது.

ஜூன் 19, வெள்ளி. ஊர்

பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாரம்மா வந்துவிட்டாள். திருத்தணிப் பக்கத்துப் பெண், பேர் பிரித்திகா. போட்டோ எடுக்க வந்த இஸ்மாயிலோடு நானும் வந்தேன். கலைவாணி வேலைக்குப் போகிற வழியில் வந்து வேப்ப மரத்தடியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். சில குரல் முன்னால் ஓடியது, சில பின்னால் இழுத்தது. வெயில் இலை வழியாக எங்கள் மடியில் விழுந்து ஆடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோமோ தெரியாது.

நடுவில் போன் அடித்தது. கட்சியின் பொதுச் செயலாளர். நமஸ்காரம் மேடம், தலைவர் உங்களைப் பற்றித்தான் பேசினார், ஒரு விஷயம் என்று ஆரம்பித்தார். இங்கே பாடம் நடக்கிறது, பிறகு பேசலாம் என்று மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

யாருடி போனில் என்று கலைவாணி கேட்டாள். விஜயவாடா என்றேன்.

“இன்னாவாம்?”

“கேக்கல.”